ஐந்தரை மணி நேரம்

2 ஜூன் 2025, திங்கள்

காலையில் தண்ணீர் லாரி வரவில்லை. அரைக் குளியலோடு அலுவலகம் போனேன்.

நாங்கள் எழுதுவது திதி பார்க்கும் செயலி. இறந்தவரின் தேதி, நேரம், ஊர் ஆகியவற்றைக் கொடுத்தால் இந்த ஆண்டு திதி எந்த நாளில் வருகிறது என்று சொல்லும். இயற்பியலில் முதுகலை படித்து, பல்கலைக்கழகத்தில் இரண்டாம் இடம் வாங்கியவன் (முதலிடம் யாருக்கு, எப்படிப் போனது என்பது எனக்குத் தெரியும்) ஐம்பத்திரண்டாம் வயதில் செய்யும் வேலை இது. என் மேலாளர் ரோஷனுக்கு முப்பத்துநான்கு வயது. 2016 மார்ச்சில் அவன் வேலைக்குச் சேர்ந்தபோது முதல் இரண்டு மாதம் என் நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் எல்லாம் கற்றுக்கொண்டான். அதை அவன் மறந்துவிட்டான். நான் மறக்கவில்லை. எனக்குத் தேதிகள் மறப்பதில்லை.

இன்று ஒரு புகார், நியூஜெர்சியிலிருந்து. "என் தந்தையாரின் திதி ஜூன் 26 என்று செயலி காட்டுகிறது. பஞ்சாங்கத்தில் 27. இந்த வருடம் சென்னை வந்து செய்ய இருக்கிறேன். ஏற்கெனவே ஒருமுறை நேரத்துக்கு வந்து சேர முடியாமல் போனவன். எது சரி? செயலியை எழுதியவரே பார்த்துச் சொன்னால் நல்லது."

என் கைப்பேசியில் 27 என்றுதான் காட்டியது. "எங்களிடம் சரியாக உள்ளது" என்று பதில் போட்டுப் புகாரை மூடினேன்.

3 ஜூன், செவ்வாய்

லாரி வந்தது. மோட்டார் ஓடவில்லை.

4 ஜூன், புதன்

மூடிய புகாரை அந்த மனிதர் மறுபடி திறந்திருக்கிறார். திரையைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார். அதில் 26 என்றுதான் இருக்கிறது. என்னுடையதில் 27. ஒரே செயலி, ஒரே சர்வர், ஒரே விடை. எப்படி இரண்டு நாள் ஆகும்?

ரோஷன் என் மேசைக்கு வந்தான். "கேபி சார், அது என்னாச்சு?"

"அவர் போன்ல ஏதோ கோளாறு."

"பதினேழு பேர் போன்லயுமா சார்? அமெரிக்கா, கனடான்னு பதினேழு கம்ப்ளைன்ட் இருக்கு."

என் முழுப் பெயர் குஞ்சிதபாதம். அதைச் சொல்ல வாய் வராததால் இந்த அலுவலகத்தில் நான் கேபி. அப்பா சிதம்பரத்தில் வேண்டிக்கொண்டு வைத்த பெயர். அண்ணனுக்குச் சபேசன் என்று வைத்தார். அவனுக்குச் சபை, எனக்குத் தூக்கிய கால்.

5 ஜூன், வியாழன்

சோதித்துப் பார்ப்பதற்காக அந்த வாடிக்கையாளரின் பதிவை எடுத்தேன். எங்களுக்குப் பெயர் தெரியாது. எண்ணும் விவரமும் மட்டும் தெரியும். இறந்த தேதி 11-07-2013. நேரம் காலை 5.10. ஊர் சென்னை. ஆனி மாதம், வளர்பிறைத் திருதியை.

அன்று அந்த நேரத்தில் சென்னையில் எத்தனையோ பேர் இறந்திருப்பார்கள். பெரிய ஊர்.

அப்பா இறந்ததும் அன்றுதான், அந்த நேரத்தில்தான். இதை ஒரு தகவலாக மட்டும் எழுதி வைக்கிறேன்.

6 ஜூன், வெள்ளி

வேலை ஓடவில்லை. பல்வலி. கிராம்பு வைத்துக்கொண்டேன்.

9 ஜூன், திங்கள்

செயலியைச் சோதிக்கும் பர்வீன் இன்று கண்டுபிடித்துவிட்டாள். அவள் செய்தது மிகவும் சாதாரணமான காரியம். கைப்பேசியின் அமைப்புக்குள் போய், ஊரைச் சென்னையிலிருந்து நியூயார்க்குக்கு மாற்றினாள். செயலியைத் திறந்தாள்.

"பாருங்க சார், இருபத்தாறு."

திரும்பச் சென்னைக்கு மாற்றினாள். இருபத்தேழு. நியூயார்க். இருபத்தாறு. விளக்கைப் போட்டு அணைப்பதுபோல் செய்துகாட்டிக்கொண்டிருந்தாள்.

"போதும்மா. பாத்தாச்சு."

"ஒரு வாரமா இங்க உக்காந்து சென்னை போன்லயே பாத்தா எப்படி சார் தெரியும்?" என்று சிரித்தாள். கெட்ட எண்ணத்தில் சிரிக்கவில்லை. இருந்தாலும் தேதியைக் குறித்துக்கொள்கிறேன்.

காரணம் இதுதான். சர்வர் தேதியை ஓர் எழுத்து வரிசையாக அனுப்புகிறது: 2025-06-27T00:00:00+05:30. நாள், பிறகு நேரம், கடைசியில் ஒரு வால். இது இந்திய நேரம், உலகப் பொது நேரத்தைவிட ஐந்தரை மணி முந்தியது என்பதுதான் அந்த வாலின் பொருள். கைப்பேசி அதைப் படித்துத் தன் ஊர் நேரத்துக்கு மாற்றிக்கொள்கிறது. இங்கே 27ஆம் தேதி பிறக்கிற அந்த நொடியில் நியூஜெர்சியில் 26ஆம் தேதி பிற்பகல் இரண்டரை மணி. ஆகவே 26.

கணக்கு புரிகிறது. மனத்துக்குப் புரியவில்லை. ஒரு மனிதர் இறந்த நாள் பார்க்கிறவன் நிற்கிற இடத்தைப் பொறுத்து மாறுமா?

10 ஜூன், செவ்வாய்

சரிசெய்துவிட்டேன். பத்து நிமிட வேலை. குழப்பமே வாலில்தான், எனவே முதல் பத்தொன்பது எழுத்துகளை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தை வெட்டிவிடச் சொல்லிவிட்டேன். வால் இல்லையென்றால் மாற்றம் இல்லை. எந்த ஊரிலும் 27 என்றால் 27.

பர்வீன் ஒன்பது ஊர்களில் தேதி பார்த்தாள். எல்லாம் சரி. "திதி ஆரம்பிக்கிற நேரம், முடியிற நேரம் எல்லாம் ஒரு தடவ பாக்கணுமே சார்" என்றாள்.

"தேதி சரின்னா நேரமும் சரிதான். அனுப்பச் சொல்லு."

ரோஷன் எல்லார் முன்னாலும் கைதட்டினான். ஒன்பது வருடத்தில் இது மூன்றாவது முறை.

12 ஜூன், வியாழன்

நியூஜெர்சிக்காரர் பதில் எழுதியிருக்கிறார். "இப்போது 27 என்று காட்டுகிறது. டிக்கெட் எடுத்துவிட்டேன். எழுதியவருக்கு என் நன்றியைச் சொல்லவும்."

பர்வீன் அதை உரக்கப் படித்தாள். "எழுதியவர், எழுதியவர்னு ஒவ்வொரு தடவையும் கேக்குறாரு பாருங்க. செயலியில 'எங்களைப் பற்றி'ன்னு இருக்கே, அதுல உங்க பேரப் பாத்திருப்பாரோ?"

"யார் பாப்பாங்க அதையெல்லாம்?" என்றேன்.

அந்தப் பக்கத்தில் என் முழுப் பெயரும் இருக்கிறது. குஞ்சிதபாதம் வைத்தியலிங்கம். இந்த நாட்டில் வேறு ஒருவருக்கும் இருக்காது.

13 ஜூன், வெள்ளி

இரவுச் சாப்பாட்டின்போது அரசி கேட்டாள். "ஏங்க, இந்த வருஷம் மாமா திதி இருபத்தேழுதானே? ஐயர்கிட்ட சொல்லிடவா?"

"சொல்லிடு."

"பெரியவருக்கு…?"

"எந்தப் பெரியவர்?"

அவள் ரசம் எடுக்கப் போய்விட்டாள். இருபத்து மூன்று வருடமாக என் மனைவி. எப்போது எழுந்து போக வேண்டும் என்று அவளுக்குத் தெரியும்.

சபேசன் விஷயத்தை எழுதிவைக்கிறேன், உணர்ச்சிவசப்படாமல், நடந்தபடி. 2013 ஜூலை 11, வியாழன். காலை 5.10க்கு அப்பா போனார். அமெரிக்காவில் இருந்த சபேசனைக் கூப்பிட்டுச் சொன்னேன். "கெளம்புறேன்டா. நான் வர்ற வரைக்கும் எடுத்துடாத" என்றான். தகப்பனுக்குக் கொள்ளி வைக்க வேண்டியவன் மூத்தவன். குளிர்பெட்டி வரவழைத்துக் காத்திருந்தோம். அன்று மாலை அவனிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. ஒரு வரிகூட எழுதவில்லை. விமானத்தின் விவரம் அடங்கிய நாட்காட்டிக் கோப்பு மட்டும். அதை அவனவன் கைப்பேசியில் சொடுக்கிப் பார்ப்பான். நான் படித்தவன், கோப்பையே திறந்து உள்ளே எழுதியிருப்பதைப் படித்தேன். 12ஆம் தேதி, 06.00. தெளிவாக இருந்தது. அச்செடுத்தும் வைத்தேன்.

வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு விமான நிலையத்தில் நின்றேன். துபாயிலிருந்து ஒரு விமானம் வந்தது. அதில் அவன் இல்லை. எட்டரை வரை நின்றேன். அவன் கைப்பேசி அணைந்திருந்தது. வீட்டுக்கு வந்தால் கந்தசாமி மாமா வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "டேய், வந்தானா இல்லையா? பத்தரைக்கு ராகுகாலம். அதுக்குள்ள எடுத்தாகணும்."

தேன்மொழி அண்ணி அமெரிக்காவிலிருந்து போனில் பதினொன்றரை என்று சொன்னதாக அரசி சொன்னாள். நான் அச்சடித்த தாளைக் காட்டினேன். ஆறு என்று எழுத்தில் இருக்கிறது. வாய்வார்த்தை எப்படிப் பெரிதாகும்? பத்து மணிக்கு எடுத்தோம். கொள்ளி நான் வைத்தேன்.

ஒரு மணிக்குச் சபேசன் வந்தான். வாசல் தெளித்திருந்தது. "எனக்காக மூணு மணி நேரம் நிக்க முடியலயாடா உன்னால?" என்று தெருவில் நின்று கேட்டான். "சொன்ன நேரத்துக்கு வர முடியாதவனுக்கு அப்பா எதுக்கு?" என்று நான் கேட்டேன். மறுநாள் அவன் எண்ணைத் தடுத்துவைத்தேன். தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது, நீலக் கோப்பில். ஆதாரம் இல்லாமல் நான் யாரோடும் பகை வைப்பதில்லை.

16 ஜூன், திங்கள்

புதிய புகார்கள். அமெரிக்காவில் மட்டும் இல்லை. திருச்சி, சேலம், மயிலாப்பூர் என்று எல்லா ஊரிலிருந்தும். நியூஜெர்சிக்காரரும் எழுதியிருக்கிறார்: "ஜூன் 27 திருதியை காலை 5.49க்குப் பிறப்பதாகச் செயலி சொல்கிறது. பஞ்சாங்கத்தில் 11.19. எட்டு மணிக்கே ஐயரை வரச் சொல்லிவிட்டால் திதி பிறக்கும் முன்பே திதி கொடுத்ததாகிவிடும். நேரத்தில் தவறு நேர்வது எனக்குப் பழக்கம்தான். ஆனாலும் கேட்கிறேன்."

பழக்கம்தான். யாரைக் குத்துகிறான்?

குத்துகிறார் என்று எழுத நினைத்தேன்.

17 ஜூன், செவ்வாய்

நாள் முழுவதும் மூன்று பஞ்சாங்கங்களை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நிமிடங்களில் ஒன்றுக்கொன்று வேறுபடுகின்றன. ஆனால் ஒன்றுகூட 5.49 என்று சொல்லவில்லை. பஞ்சாங்கம் போடுகிறவர்கள் எல்லாரும் சேர்ந்து தவறு செய்திருக்கலாம் என்று பர்வீனிடம் சொன்னேன். அவள் என்னைப் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

பிறகு சர்வர் அனுப்புவதைத் திரையில் போட்டுக்காட்டினாள். 2025-06-27T05:49:00Z.

"அஞ்சு நாற்பத்தொம்பதுதானே இருக்கு?" என்றேன்.

"கடைசியில ஒரு இசட் இருக்கு பாருங்க சார்."

"இருக்கு. அதுக்கு என்ன?"

"சார், அதுவும் வால்தான். இது உலகப் பொது நேரம்னு அர்த்தம். நம்ம ஊருக்கு அஞ்சரை மணி நேரம் கூட்டணும். கூட்டுனா பதினொன்னு பத்தொம்போது. நீங்க பத்தொம்போது எழுத்தோட வெட்டுனீங்கல்ல? அதுல இதுவும் போயிடுச்சு." பிறகு குரலைத் தாழ்த்தி, "உங்களுக்குத் தெரியாததா சார்" என்றாள்.

தெரியும். தெரியாமல் இல்லை. எத்தனையோ வருடமாகத் தெரியும்.

எப்போதிலிருந்து தெரியும் என்று யோசித்துப் பார்த்தேன். சரியான தேதி நினைவுக்கு வரவில்லை. இந்தச் செயலி வேலைக்கு வந்த பிறகாக இருக்கலாம். 2013இல் நான் வேறு வேலையில் இருந்தேன். அங்கே எல்லாம் இந்திய நேரம்தான்.

2013 ஏன் இங்கே வந்தது என்று தெரியவில்லை.

18 ஜூன், புதன்

கேஸ் சிலிண்டர் வந்தது. பல்வலி குறைந்திருக்கிறது.

19 ஜூன், வியாழன்

விடுப்பு எடுத்தேன். அரசி சந்தைக்குப் போன பிறகு அலமாரியிலிருந்து நீலக் கோப்பை எடுத்தேன். தாள் பழுப்பாகிவிட்டது. மடித்த இடத்தில் கிழியப் பார்க்கிறது. பன்னிரண்டு வருடத்தில் இதைப் பலமுறை எடுத்துப் படித்திருக்கிறேன். இன்றைக்கும் அதே தாள்தான்.

20130712T060000Z

மை கசிந்திருக்கலாம் என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். கசியவில்லை.

ஆறும் ஐந்தரையும் பதினொன்றரை. இதற்குப் பூதக்கண்ணாடி தேவையில்லை.

பதினொன்றரைக்கு இறங்கியவன் ஒரு மணிக்கு வீடு வந்து சேர்ந்தான். ஒரு நிமிடம்கூடத் தாமதம் இல்லை.

அரசி காய்ப்பையோடு வந்து நின்றதைக் கவனிக்கவில்லை.

"மறுபடியும் அந்தத் தாளா?" என்றாள்.

"அண்ணி அன்னிக்கு உங்கிட்ட என்ன சொன்னாங்க?"

"எதுக்கு இப்ப?"

"சொல்லேன்."

"பதினொன்னரைக்கு இறங்குறாரு, நேரா வீட்டுக்கு வந்துடுவாரு, பெட்டிகூடக் கொண்டு வரலன்னு சொன்னாங்க." பையிலிருந்து கத்தரிக்காய்களை எடுத்துத் தட்டில் வைத்துக்கொண்டே, "அன்னிக்கும் இதையேதான் சொன்னேன்" என்றாள்.

பன்னிரண்டு வருடத்தில் இதை அவள் இரண்டாவது முறை சொல்கிறாள். அன்றைக்கு ஒன்று, இன்றைக்கு ஒன்று. நடுவில் ஒருமுறைகூட இல்லை. சொல்லியிருந்தால் அவள்மேலும் ஒரு கோப்பு தொடங்கியிருப்பேன் என்று அவளுக்குத் தெரியும்.

20 ஜூன், வெள்ளி

செயலியைச் சரிசெய்தேன். இந்த முறை எதையும் வெட்டவில்லை. முழு வரிசையையும் வாலோடு படித்து, திதி கொடுக்கும் ஊரின் நேரத்தில் காட்டச் செய்தேன். ஒன்பது ஊர்களிலும் தேதி 27, திதி பிறப்பது 11.19.

புகாருக்குப் பதில் எழுதினேன். வழக்கமான வாசகம் ஒன்று இருக்கிறது: "மதிப்பிற்குரிய வாடிக்கையாளரே, தங்களுக்கு நேர்ந்த சிரமத்துக்கு வருந்துகிறோம்." அதை எழுதி, அழித்து, மறுபடி எழுதினேன். பிறகு இப்படி அனுப்பினேன்: "தேதி 27. நேரம் 11.19. தவறு எழுதியவனுடையது. அன்றும் அவனுடையதுதான். விமானம் வந்து சேரும் நேரத்தைத் தெரிவிக்கவும். குஞ்சிதபாதம்."

பர்வீன் எட்டிப் பார்த்தாள். "சார்! கஸ்டமர்கிட்ட ஃப்ளைட் டைம் எதுக்குக் கேக்குறீங்க?"

"சோதிக்கிறதுக்கு."

"என்னத்த சோதிக்கிறதுக்கு?"

நான் அடுத்த புகாரைத் திறந்தேன். அவளும் தன் இடத்துக்குப் போய்விட்டாள். நல்ல பெண். 9ஆம் தேதி சிரித்ததைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுகிறேன்.

21 ஜூன், சனி

பதில் வந்திருக்கிறது. ஒரு வரிகூட எழுதவில்லை. நாட்காட்டிக் கோப்பு மட்டும்.

ஒருவன் பன்னிரண்டு வருடத்திலும் திருந்தமாட்டானா? இரண்டு வார்த்தை எழுதினால் என்ன?

கோப்பைத் திறந்து உள்ளே பார்த்தேன். 20250626T060500Z. பிறகு அரசியின் கைப்பேசிக்கு அனுப்பி, அவளையே சொடுக்கச் சொன்னேன்.

"என்ன மணி காட்டுது?"

"வியாழக்கிழம, பதினொன்னு முப்பத்தஞ்சு. யாரு வர்றா?"

"சபேசன்."

அவள் கைப்பேசியைக் கீழே வைத்தாள். எடுத்து மறுபடி பார்த்தாள். "பதினொன்னு முப்பத்தஞ்சுதான்" என்றாள், நான் மறுத்துச் சொல்லிவிடுவேனோ என்பதுபோல.

24 ஜூன், செவ்வாய்

மாடி அறையை ஒழித்தோம். மின்விசிறி சத்தம் போடுகிறது. ஆள் வரவில்லை, நானே எண்ணெய் போட்டேன்.

26 ஜூன், வியாழன்

விமான நிலையம். பார்வையாளர் பகுதியில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

வெளியில் கிளம்பும்போது அரசி கேட்டாள். "மணி அஞ்சரைதானே ஆகுது? பதினொன்னு முப்பத்தஞ்சுக்குத்தானே வர்றாரு?" சாலையில் நெரிசல் இருக்கும் என்றேன். வீட்டிலிருந்து இங்கே இருபது நிமிடம். அவள் இட்லி கட்டிக் கொடுத்தாள்.

ஆறு மணிக்கு வந்தேன். துபாயிலிருந்து ஒரு விமானம் இறங்கியது. கும்பல் வந்தது, போனது. எட்டரை ஆனபோது கால்கள் தாமாக எழப் பார்த்தன. உட்கார்ந்துகொண்டேன். இட்லியைத் தின்றேன். ஒன்பது. பத்து. பத்து மணிக்குக் கொஞ்சம் சிரமமாக இருந்தது. தண்ணீர் குடித்தேன்.

இப்போது 11.40. இறங்கிவிட்டதாகப் பலகையில் போட்டிருக்கிறார்கள். தாள் சட்டைப் பையில் இருக்கிறது. எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. முதலில் அவன் பேசட்டுமா? மூத்தவன் அவன்தானே?

12.20. தலை முழுக்க வழுக்கையாக ஒருவன். நடை அப்பாவின் நடை.

27 ஜூன், வெள்ளி

நேற்று நடந்ததை எழுதுகிறேன். காரில் ஏறிய பிறகுதான் தாளைக் கொடுத்தேன். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு படித்தான்.

"என்னடா குஞ்சு இது?"

"கடைசி எழுத்தப் பாரு. நான் அத விட்டுட்டேன். அஞ்சரை மணி நேரம் கூட்டல."

வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். மீனம்பாக்கம் தாண்டியது.

"இத பன்னெண்டு வருஷமாவா வச்சிருந்த?"

"ஆதாரம்."

"கிறுக்குப் பயலே" என்றான். பிறகு, "நானும் ஒரு வரி எழுதியிருக்கணும்டா. பதினொன்னரைன்னு ஒரு வார்த்த. ஃபைல் அனுப்புனா போதும்னு விட்டுட்டேன். என் தப்பும்தான்" என்றான்.

எதிலும் பங்குக்கு வருவான். அதிலும் மூத்தவன் பங்கு கேட்பான். இதை மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. "இல்ல. முழுசும் என்னுது" என்றேன்.

சரி என்று தாளை மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டான். திருப்பித் தரவில்லை. நானும் கேட்கவில்லை.

இன்று திதி. ஐயர் பத்து மணிக்கே வந்துவிட்டார். "திதி பதினொன்னு பத்தொம்போதுக்குப் பொறக்குது. ஆனா வெள்ளிக்கிழமையாச்சே, பத்தரைலேர்ந்து பன்னெண்டு வரைக்கும் ராகுகாலம். என்ன பண்ணலாம், சொல்லுங்கோ" என்றார். என்னைப் பார்த்துத்தான் கேட்டார். இந்த வீட்டில் இத்தனை வருடமும் நான்தான் கொடுத்திருக்கிறேன். நான் சபேசனைப் பார்த்தேன். அவன் அப்பாவின் படத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். ஏற்கெனவே துடைத்த படம்.

"பன்னெண்டு ஆகட்டும்" என்றேன். "அவன் கொடுப்பான்."

கூடத்தில் உட்கார்ந்தோம். அரசி மோர் கொடுத்தாள். மாடி அறை மின்விசிறி ஏன் சத்தம் போடுகிறது என்று அவன் கேட்டான். நான் எண்ணெய் போட்டதைச் சொன்னேன். பிறகு பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒன்றரை மணி நேரம்தான். அப்படி ஒன்றும் பெரிய நேரம் இல்லை.